முந்தின நாள் ராத்திரி எழுதிய சான்றிதழ்கள்

ஏப்ரல் கடைசியில் அக்கா போன் செய்தாள். சரவணம்பட்டியில் அவர்கள் இருக்கிற அபார்ட்மெண்டின் கிளப் ஹவுஸில் கராத்தே வகுப்பு தொடங்குகிறார்களாம். அவள் பையனுக்கு 6 வயசு. மாதாமாதம் கட்டினால் 1,200 ரூபாய், பெல்ட் தேர்வுக்குத் தனிக் கட்டணம். மொத்தமாக 28,000 கட்டிவிட்டால் எல்லாம் அதிலேயே அடக்கம், இரண்டரை வருஷத்தில் பிளாக் பெல்ட் உறுதி. இரண்டு செட் உடுப்பு, முதுகில் மாட்டுகிற பை, தண்ணீர் பாட்டில் இலவசம்.

"டேய், நீதான் பிளாக் பெல்ட்டாச்சே. கட்டலாமா வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றாள்.

ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது நான் ஒரு பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அதற்கு முன்னால், காலேஜ் நாட்களையும் சேர்த்து ஆறு வருஷம், கோவையில் ஒரு கராத்தே வகுப்பில் மாஸ்டருக்கு உதவியாக இருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு வார்ம்-அப் கொடுப்பேன், ஃபீஸ் நோட்டு எழுதுவேன், பெல்ட் கட்டத் தெரியாதவர்களுக்குக் கட்டிவிடுவேன். இன்னொரு வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆகவே சான்றிதழ்களில் பெயர் எழுதுவது நான்.

பெல்ட் தேர்வு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். பெயர் எழுதுவது சனிக்கிழமை ராத்திரி.

முதல் தடவை எழுதும்போது எனக்கு இதில் எதுவும் தப்பாகவே படவில்லை. மாஸ்டர் வீட்டு ஹாலில் பாய் விரித்து, கறுப்பு ஜெல் பேனாவோடு உட்கார்ந்துகொண்டேன். எண்பது சொச்சம் சான்றிதழ். ஃபேனைப் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டி மை கலையும். தேர்வாளரின் கையெழுத்து அச்சிலேயே வந்துவிடும். பெயர், கிரேடு, தேதி மூன்றும்தான் காலி. தேதி மறுநாளைய தேதி. மாஸ்டர் வீட்டு அக்கா தோசை கொண்டுவந்து வைத்துவிட்டு, "எண்ணெய்க் கையோட தொட்றாதப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது நாலாவது தேர்வின்போதுதான் ஒரு கேள்வி வந்தது. நாளைக்கு ஒருத்தன் சரியாகச் செய்யவில்லை என்றால் இந்தத் தாளை என்ன செய்வது? மாஸ்டரிடம் கேட்டேன். "ஒரு தாள் முப்பது ரூபாய் சாமி, வீணாக்க முடியுமா?" என்று சிரித்தார்.

அந்தத் தாள் எங்கள் அச்சகத்தில் அடித்தது அல்ல. மாஸ்டர் சேர்ந்திருந்த சங்கத்தின் தலைமையிடத்திலிருந்து கட்டாக வரும். ஒவ்வொரு தேர்விலும் தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குப் பங்கு போகும். மஞ்சள் பெல்ட்டுக்கு 900 ரூபாய் வாங்கினோம். பெல்ட்டை மொத்தக் கடையில் 70 ரூபாய்க்கு எடுப்போம். சங்கத்துக்கு 200. படி ஏற ஏறக் கட்டணமும் ஏறி, கறுப்புக்கு முந்தின பிரவுனுக்கு வரும்போது 3,000 ஆகிவிடும். பிரவுனில் மட்டும் மூன்று படி. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். பெல்ட் என்னவோ அதே பெல்ட்தான்.

ஒரு தேர்வு நாளை மட்டும் மறக்க முடியவில்லை. மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு நின்ற பெண், பத்து வயசு இருக்கும். ஹெயான் நிதான் என்கிற கட்டா செய்யவேண்டும். கட்டா என்றால் குத்து, தடுப்பு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் தனியாகச் செய்துகாட்டுவது. மொத்தம் 26 அசைவு. பதினோராவதில் விரல் நுனியால் குத்தி "கியாய்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் அழகாகச் செய்தாள், குரலும் கணீரென்று வந்தது. அப்புறம் எந்தப் பக்கம் திரும்புவது என்று மறந்துபோனது. அப்படியே நின்றாள். பக்கத்து வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துக் காப்பியடிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இவள் செய்யவில்லை. கைகளைக் கீழே இறக்கி, குனிந்து வணக்கம் வைத்து, ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். நானாக இருந்தால் அந்த நேர்மைக்கே ஒரு பெல்ட் கொடுத்திருப்பேன் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது அதற்காக அல்ல.

பெயர் கூப்பிட்டார்கள், ஆரஞ்சு பெல்ட் வாங்கினாள், எல்லாரும் கை தட்டினோம். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள். "அண்ணா, நான்தான் நடுவுல மறந்துட்டனே. எப்படிங்கண்ணா பாஸு?"

"முதல் பாதி ரொம்ப நல்லா பண்ணினீல்ல, அதனாலதான்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. அடுத்த வகுப்புக்குப் பழைய மஞ்சள் பெல்ட்டையே கட்டிக்கொண்டு வந்தாள். மாஸ்டர் கூப்பிட்டு, "என்ன பாப்பா, புது பெல்ட் எங்கே? அம்மா காசு கட்டியிருக்காங்கல்ல" என்றார். அதற்கடுத்த வகுப்பில் ஆரஞ்சு கட்டியிருந்தாள்.

மாஸ்டரை மோசமான மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கற்றுக்கொண்ட காலத்தில் பிரவுன் பெல்ட்டுக்கு இரண்டு முறை ஃபெயிலாகி, மூன்றாவதில் தேறியவர். அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், நன்றாகவே கற்றுக்கொடுத்தார். நான் சேருவதற்கு முந்தின வருஷம், ஒரு தேர்வில் 11 பேரைத் தேறவில்லை என்று பழைய பெல்ட்டிலேயே நிறுத்திவைத்தாராம். அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் அந்த மாதமே வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள். நின்றதோடு சரியா? இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னொரு வகுப்பில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு டபுள் புரமோஷன். இங்கே மஞ்சளில் நின்றவன் அங்கே பச்சை பெல்ட் கட்டிக்கொண்டு, எங்கள் வகுப்பு வாசல் வழியாகவே சைக்கிளில் போனான். ஹால் வாடகை அப்போதே 14,000. ஒன்பது பேர் போனால் எவ்வளவு என்று அவருக்குக் கணக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் யாரையும் நிறுத்தவில்லை.

அம்மா அப்பாக்கள் பக்கம் நின்று பார்த்தாலும் குற்றம் சொல்ல மனசு வராது. "ஏனுங்க மாஸ்டர், பையன் ஆறு மாசமா மஞ்சள்லயே நிக்கிறானுங்க, கூட வந்த பையன் பச்சைக்குப் போயிட்டானுங்க" என்று வாசலில் நின்று கேட்பார்கள். காசு கொடுக்கிறோம், என்ன கிடைத்தது என்று பார்க்க ஒரு நிறம்தான் இருக்கிறது. கால் எவ்வளவு உறுதியாக ஊன்றுகிறது, குத்தும்போது இடுப்பு திரும்புகிறதா என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

இந்த நிறங்களே கராத்தேயோடு பிறந்தவை அல்ல. கராத்தே பிறந்த ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் பழைய ஆட்கள் இடுப்பில் எதுவும் கட்டாமல்தான் பழகினார்கள். "தான்" என்கிற மேல்நிலைப் படிமுறையை ஜூடோவில் கொண்டுவந்தவர் அந்தக் கலையை உருவாக்கிய கானோ ஜிகோரோ, 1883ல். மேல்படிக்காரர்கள் தனியாகத் தெரிய அவர்கள் இடுப்பில் கறுப்பு வந்தது. ஒக்கினாவாவிலிருந்து 1922ல் தோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்துகாட்டிய ஃபுனகோஷி கிச்சின், கானோவிடமிருந்து அந்த முறையை எடுத்துக்கொண்டார். தன் மாணவர்களுக்கு முதல் தான் பட்டம் கொடுத்தது 1924ல். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வரிசையாக நிறங்கள் பரவியது ஐரோப்பாவில், ஜூடோ வழியாக. 1930களில் பாரிஸில் கவாய்ஷி மிகினோசுகே என்கிற ஜூடோ ஆசிரியர் அதைப் பிரபலமாக்கினார்.

வெள்ளை பெல்ட் வருஷக்கணக்கில் வியர்வையும் அழுக்கும் ஏறித்தான் கறுப்பானது என்று ஒரு கதை உண்டு. எங்கள் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைச் சொல்வோம், நானே நூறு தடவை சொல்லியிருப்பேன். சுத்தப் பொய். ஆனால் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

முதல் தானுக்கு ஜப்பானிய மொழியில் ஷோதான் என்று பெயர். ஷோ என்றால் ஆரம்பம். அங்கே அரிச்சுவடி முடித்தவன் என்று பொருள்படுகிற ஒன்றை, இங்கே அபார்ட்மெண்ட் நோட்டீஸ் பலகையில் இரண்டரை வருஷத்தில் முடிகிற படிப்பாக ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஃபுனகோஷி தோக்கியோவில் ஆரம்ப வருஷங்களில் ஒரு மாணவர் விடுதியில் சின்ன அறை ஒன்றில் தங்கி, விடுதியைக் கூட்டிப் பெருக்கிக் காவல் பார்த்துப் பிழைத்தவர். அதற்காக எல்லா மாஸ்டரும் விடுதி பெருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாடகை, கரண்ட் பில், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாருக்கும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்காகக் கராத்தேயை எளிமையாக்குவதும் புதுசு இல்லை. இன்றைக்குப் பல வகுப்புகளில் செய்கிற அந்த ஐந்து ஹெயான் கட்டாக்களே, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒக்கினாவாப் பள்ளிப் பிள்ளைகளுக்காக இதோசு அன்கோ என்கிற கராத்தே ஆசிரியர் அமைத்தவைதான். அவர் கற்பிப்பதை எளிதாக்கினார். நாங்கள் கற்பிப்பதை அப்படியே வைத்துக்கொண்டு தேர்வை மட்டும் எடுத்துவிட்டோம்.

போட்டிகள் இன்னொரு கூத்து. வருஷத்துக்கு இரண்டு தடவை ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் "மாநில அளவிலான கராத்தே போட்டி" நடக்கும். நுழைவுக் கட்டணம் ஒரு பிரிவுக்கு 800, கட்டா, குமித்தே (எதிராளியோடு சண்டை) இரண்டிலும் ஆடினால் 1,500. கராத்தே போட்டியில் வெண்கலம் இரண்டு பேருக்குக் கொடுப்பது வழக்கம். இந்த வழக்கத்தை வைத்து நாங்கள் போட்ட கணக்கைப் பாருங்கள். வயசு வாரியாகப் பிரி, எடை வாரியாகப் பிரி, பெல்ட் வாரியாகப் பிரி. பிரித்துக்கொண்டே போனால் ஒரு பிரிவில் நாலு பேர் மிஞ்சுவார்கள். ஒருத்தனுக்குத் தங்கம், ஒருத்தனுக்கு வெள்ளி, மீதி இரண்டு பேருக்கும் வெண்கலம். ஒரு சண்டையில்கூட ஜெயிக்காதவனும் பதக்கத்தோடு வீட்டுக்குப் போவான். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் "மாநிலப் போட்டியில் நமது மாணவர்கள் 43 பதக்கம்" என்று படத்தோடு வரும். அந்தச் செய்தியையும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். வெளியூரில் ஒரு போட்டிக்கு நேபாளத்திலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள், பேனரில் அது "சர்வதேசப் போட்டி" ஆகிவிட்டது.

இந்தச் சான்றிதழை வைத்து இன்ஜினியரிங்கில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்கலாமா என்று வருஷத்துக்கு நாலு பெற்றோராவது கேட்பார்கள். அதற்கு அரசு அங்கீகரித்த சங்கம் நடத்திய போட்டியின் சான்றிதழ்தான் செல்லும். மண்டபத்துச் சான்றிதழ் அங்கே வெறும் தாள். கேட்டவர்களிடம் இதை நான் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. "மாஸ்டர்கிட்ட கேளுங்க" என்பேன். மாஸ்டர், "எதுக்கும் பத்திரமா வைங்க, உதவும்" என்பார். ஒலிம்பிக்ஸ் கனவும் அப்படித்தான். கராத்தே ஒரே ஒரு தடவைதான் ஒலிம்பிக்ஸில் இருந்தது, 2021ல் நடந்த தோக்கியோவில். அதில் இந்தியாவிலிருந்து கராத்தேக்கு ஒருத்தரும் போகவில்லை. 2024 பாரிஸில் அந்த விளையாட்டே இல்லை. அக்கா அனுப்பிய நோட்டீஸில் இன்னும் ஐந்து வளையம் இருக்கிறது.

ஓடு உடைப்பதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் பழைய நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆண்டு விழாவில் கடைசி நிகழ்ச்சி அதுதான். பத்து ஓட்டை அடுக்கி முழங்கையால் ஒரே இடி. பார்க்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். ஓடுகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டை வைத்து இடைவெளி விட்டிருப்போம். மேலே இருக்கிற ஓடு உடைந்து கீழே விழுந்து அடுத்ததை உடைக்கும், அது அடுத்ததை. கட்டையை எடுத்துவிட்டு ஒட்ட அடுக்கினால் மூன்றைத் தாண்டுவதே பெரும்பாடு. நான் உடைத்தது எட்டு. கட்டையோடுதான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. 22 வயசில் என்னை ஒரு தனியார் பள்ளிக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்க மாஸ்டர் அனுப்பினார். ஒரு பீரியட், 40 நிமிஷம், 60 பிள்ளைகள். பள்ளி அந்தப் பிள்ளைகளிடம் வாங்கிய கட்டணத்தில் பாதிக்கும் குறைவுதான் எங்களுக்கு வந்தது, அது போகட்டும். நான் யார், எங்கிருந்து வருகிறேன், முதலுதவி தெரியுமா, என்மேல் ஏதாவது புகார் உண்டா என்று அந்தப் பள்ளியில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கறுப்பு பெல்ட் கட்டியிருந்தேன், உள்ளே விட்டுவிட்டார்கள். பெண் பிள்ளைகளின் தற்காப்புக்கு என்றுதான் அந்த வகுப்பே. நான் கற்றுக்கொடுத்ததோ காற்றில் குத்துகிற வரிசை. யாராவது கையைப் பிடித்து இழுத்தால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று ஒரு பெண் கேட்டாள். "அது பர்ப்பிள் பெல்ட்ல வரும்மா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அந்தக் கறுப்பு பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் தேர்வு ஒரு டிசம்பரில் நடந்தது. மூன்று மணி நேரம் நிஜமாகவே பிழிந்தெடுத்தார்கள். பஸ்ஸாய் தாய் கட்டா செய்தேன், அடுத்தடுத்து ஐந்து பேரோடு சண்டை போட்டேன், உதடு கிழிந்தது. நன்றாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முந்தின நாள் ராத்திரி மாஸ்டர் வீட்டு ஹாலில் நாங்கள் ஆறு பேருக்கான தான் சான்றிதழ்களும் இருந்தன. என் பெயரை நானே எழுதினேன். இருப்பதிலேயே அழகான எழுத்து அதுதான், நிதானமாக எழுதியது. அம்மா அதை ஃபிரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள்.

பம்பு கம்பெனியில் முதல் வாரம் ஒரு மோட்டார் சோதனையில் தேறவில்லை. கரண்ட் அதிகமாக இழுத்தது. சூப்பர்வைசர் ஒரு சிவப்பு டேக்கை என் கையில் கொடுத்து மாட்டச் சொன்னார். மாட்டுவதற்குத் தயங்கி, "இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாங்களா சார்?" என்றேன். "ஏப்பா, உன் வீட்டு மோட்டாரா இது?" என்று கேட்டார்.

சரி, அக்காவுக்கு வருவோம். பேக்கேஜ் வேண்டாம், ஒரு மாதம் கட்டிப் பார், அதற்கு முன்னால் நாலு வகுப்பை நேரில் போய்ப் பார்க்கலாம் என்றேன். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் பையனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். போகிற இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேள் என்று சொல்லிவைத்தேன்: "கடைசியாக யாரை நிறுத்திவைத்தீர்கள்?" முதல் இடத்தில், "எங்க பசங்க யாரும் ஃபெயில் ஆனதே இல்லைங்க, நூறு பர்சென்ட்" என்று பெருமையாகச் சொன்னார் அந்த மாஸ்டர். வாசல் பலகையில் அவர் பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் ரென்ஷி, கியோஷி, ஹான்ஷி என்று படிப்படியாக ஏறுகிற ஆசிரியர் பட்டங்கள் மூன்றும் இருந்தன. ஒன்று ஏறினால் முந்தினதை விட்டுவிடுவார்கள், இவர் எதையும் விடவில்லை. இரண்டாவது ஒரு ஜூடோ வகுப்பு. பழைய குடோன், தைத்து ஒட்டுப்போட்ட மேட். சொல்லிக்கொடுத்தது முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண். பிள்ளைகள் முக்கால் மணி நேரமாக விழுவதற்கு மட்டுமே பழகிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி பின்பக்கம். பெல்ட் தேர்வு எப்போது என்று அக்கா கேட்டாள். "பசங்க தயாரானா வெப்போங்க" என்றார். நிறுத்திவைத்தது யாரை என்று கேட்டதற்கு, மூலையில் நின்ற இரண்டு பையன்களைக் கையைக் காட்டினார். அவர்கள் இளித்தார்கள்.

எனக்கு அங்கேயே சேர்த்துவிட ஆசை. வெளியே வந்ததும் அக்கா, "என்னடா இது, ஒரு பிளானே இல்லாம நடத்தறாங்க? விழறதுக்கா காசு கட்டறது?" என்றாள். அதோடு சரவணம்பட்டியிலிருந்து அந்தக் குடோனுக்கு வாரத்தில் மூன்று நாள் சாயங்கால டிராஃபிக்கில் யார் கொண்டுவிடுவது? அத்தான் வீட்டுக்கு வர எட்டு மணி ஆகும். கிளப் ஹவுஸ் என்றால் லிஃப்டில் இறங்கினால் போதும். பையனின் ஃபிரண்டு வேறு அங்கேதான் சேர்ந்திருக்கிறான். இதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். கை மறைகிற அளவுக்கு நீளமான வெள்ளை உடுப்பு, புது மஞ்சள் பெல்ட், மருமகன் சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிறான். முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரைக் கையால் எழுதவில்லை, கம்ப்யூட்டர் எழுத்தில் அச்சாகியே வந்திருந்தது. ஒரு எழுத்து மட்டும் தப்பு.